பள்ளிவாசல் ஹார்னும் நான் பிடுங்கிய ஒயரும்

நாலைந்து வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது இது. இடம், செகந்திராபாத்தில் மாரெட்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெரு. என் தொழிலில் நான் செய்த ஒரு மடத்தனத்தால் அன்றைக்குத் தெருவில் பெரிய சண்டை மூண்டிருக்க வேண்டும். மூளவில்லை. அது எப்படி என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. தாத்தா ரயில்வே, அப்பா ரயில்வே. நான் மட்டும் பாடப் புத்தகத்தைப் பிரிக்க வேண்டிய வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் மைக் செட் கடைக்காரன் ஆனேன். கல்யாணம், காது குத்து, பிள்ளையார் பந்தல், அம்மனுக்குப் பொங்கல் பானை எடுக்கும் போனாலு திருவிழா, சர்ச் கூட்டம், பள்ளிவாசல் என்று எங்கள் வட்டாரத்தில் எது நடந்தாலும் என் கடை ஹார்ன், அதாவது குழாய் ஸ்பீக்கர்தான் பேசும். "எல்லாச் சாமியும் உங்க ஆம்ப்ளிஃபயர்லதான் பேசுது, உங்களுக்கு மட்டும் ஒண்ணும் காதுல ஏறல" என்று என் மனைவி கேலி செய்வாள். வேலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நான் ஒயர் இழுத்தால் கரகரப்பு இருக்காது, கூ என்று ஊளையிடாது. அதை நானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அதற்கு எதிர்ச் சாரியில், நாலு கடை தள்ளி, ஒரு டிபன் கடை. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். தெலுங்கர்கள், மார்வாடிகள் உட்பட தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தங்கமான மனுஷர். ஆனால் வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். வெள்ளிக்கிழமை ஆனால் அவருக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரு பஞ்சாயத்து இருக்கும். தொழுகைக்கு வருகிறவர்கள் உள்ளே இடமில்லாமல் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அது கொஞ்ச நேரம்தான், யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய ஸ்கூட்டர்கள் அண்ணாச்சி கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசல் அடைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அந்த வாரம் வடக்கே ஓர் ஊரில் குண்டு வெடித்து அப்பாவி ஜனங்கள் நிறையப் பேர் இறந்துபோயிருந்தார்கள். அண்ணாச்சி கடை டிவியில் நாள் பூராவும் அதுதான். இட்லி தட்டிலேயே ஆறிப்போகும். ரத்தம் தோய்ந்த செருப்புகளைக் காட்டிக் காட்டி, பார்க்கிறவர்கள் எல்லாரையும் கொதிக்க வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் அண்ணாச்சி தோசைத் திருப்பியை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"குண்டு வச்சவன் நாசமாப் போவான், அத வுடும். இங்க இத்தன பேரு வாரம் வாரம் கூடுதாவளே, ஒருத்தராவது வாயத் தொறந்து இது தப்புன்னு சொல்லுதாவளா, பாத்தீரா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

கடையில் இருந்த எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். வாய் நிறையப் பொங்கல் இருந்ததால் பேசவில்லை, இல்லாவிட்டால் ஒரு வார்த்தை சேர்த்தும் சொல்லியிருப்பேன். பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் ஒரு பெரிய மனிதர், சனிக்கிழமை எல்லாருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இனிமேல் வெள்ளிக்கிழமை தெருவில் யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லிவிடுவோம் என்றார். "நான் முன்னால நிக்கேன்" என்றார் அண்ணாச்சி. அவர் முன்னால் நின்றால் பின்னால் தெருவே நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஜனங்கள் எதிரெதிராக நிற்கப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் பொங்கலை முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணி வாக்கில் பள்ளிவாசல் கமிட்டி செயலாளர் போன் செய்தார். அவர் எனக்கு ரயில்வே பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ரயில்வே காலனியில் தமிழ்ப் பையன்களோடு கோலி ஆடி வளர்ந்ததால் தமிழ் பேசுவார், அதில் பாதி ஹைதராபாத் உருது கலந்திருக்கும்.

"சீக்கிரம் வாடா. ஆம்ப்ளிஃபயர் புகை விடுது. இன்னிக்கி ஜும்மா தொழுகை. நான் என்னா செய்யறது?"

போய்ப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் கருகிவிட்டது, உடனே சரிசெய்யக் கூடியதாக இல்லை. ஓடிப்போய்க் கடையிலிருந்து என்னுடையதை எடுத்து வந்தேன். அங்கே ஏற்பாடு இப்படி: மினார் கோபுரத்தின் மேலே இருக்கும் ஹார்னில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு மட்டும்தான் போகும். பாங்கு முடிந்ததும் ஹார்னுக்குப் போகும் ஒயரை ஒரு ஸ்விட்ச் போட்டு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு, தொழுகை நடத்தும் இமாம் பேசும் பேச்சு, அதைப் பயான் என்பார்கள், உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்களில் மட்டும் கேட்கும். தெருவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாசலில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். வெளியே சத்தம் போகக் கூடாது என்று போலீஸ் உத்தரவு. அதை அவர்கள் ஒருநாளும் மீறியதில்லை.

என் ஆம்ப்ளிஃபயரில் அந்த ஸ்விட்ச் கிடையாது. எனவே ஹார்னையும் உள் ஸ்பீக்கரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினேன். "பாங்கு முடிஞ்சதும் ஹார்ன் ஒயரை நானே பிடுங்கிட்டுப் போறேன், கவலைப்படாதே" என்றேன்.

செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், இந்த வாரம் ஒரு சின்னச் சத்தம்கூட வெளிய போறது நக்கோ, வேணவே வேணாம். எல்லாரும் எங்கள ஒரு மாதிரி பாக்கறாங்க. மூலையில போலீஸ் நிக்குது. ஏதாவது ஆச்சுன்னா ஹார்ன் பர்மிஷனே போயிடும். சமஜ்கயா, புரியுதா?"

"இத்தனை வருஷத்துல என் வேலையில தப்பு வந்திருக்கா?" என்று கேட்டேன். எந்த நேரத்தில் கேட்டேனோ!

பாங்கு முடிந்தது. ஆம்ப்ளிஃபயர் இருந்த அலமாரி இமாம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், முன் வரிசையை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து மினாருக்கு இரண்டு ஒயர்கள் போகின்றன. ஒன்று இப்போது ஓடுவது. இன்னொன்று பழைய ஹார்னுக்குப் போட்டது, எப்போதோ செத்துப்போன ஒயர். அதைக் கழற்றி எடுக்க ஏணி போட வேண்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தேன். கூட்டம் வந்து நெருக்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஒன்றைப் பிடித்துச் சரக்கென்று பிடுங்கினேன். அலமாரியைச் சாத்தினேன். பெரிய காரியம் செய்த மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் பிடுங்கியது செத்த ஒயரை.

அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து ஒரு காபி சொன்னேன். வாசலில் வழக்கம்போல ஸ்கூட்டர்கள். அண்ணாச்சி முகம் வழக்கத்தை விடச் சிவந்திருந்தது. காபி வந்தது. ஒரு வாய் உறிஞ்சியிருப்பேன். மேலேயிருந்து ஒரு இருமல் கேட்டது.

வானத்திலிருந்து யாரோ இருமினால் எப்படி இருக்கும்? தெருவே அண்ணாந்து பார்த்தது. அதற்கடுத்து, "என் அருமைச் சகோதரர்களே" என்று உருதுவில், துளிக் கரகரப்பில்லாமல், மணி அடித்த மாதிரி இமாமின் குரல்.

காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். தெருவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே கொக்கு மாதிரி ஒற்றைக் காலை வைத்து வைத்துப் போனேன். ஃபிளாட் பால்கனிகளில் தலைகள் முளைத்தன. பந்தோபஸ்துக்கு நின்ற கான்ஸ்டபிள் மினாரைப் பார்ப்பதும் தன் போனைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வாசலுக்கு வந்தால் உள்ளே எள் போட்டால் எள் விழாது. அலமாரி அந்தக் கோடியில். அத்தனை பேர் தோளைத் தாண்டிப் போக முடியாது, போகவும் கூடாது. இமாம் பேசும்போது உள்ளே யாரும் வாய் திறப்பதும் இல்லை. கடைசி வரிசையில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். நான் காதைத் தொட்டு, பிறகு மேலே மினாரைக் காட்டி, கையை விரித்து, கண்ணை உருட்டி என்னென்னவோ செய்தேன். உள்ளே ஸ்பீக்கர் சத்தத்திலும் மின்விசிறி இரைச்சலிலும் அவருக்கு வெளியே கேட்பது தெரியவில்லை. சத்தம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறேன் என நினைத்துக்கொண்டார். பெருவிரலை உயர்த்திக் காட்டி, ஒரு சிரிப்பும் சிரித்து, பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொல்லித் தட்டினார். எனக்கு அங்கேயே அழுதுவிடலாம் போல இருந்தது.

செருப்பு அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மெயின் ஸ்விட்ச் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை அணைத்தால் விசிறியெல்லாம் நின்றுவிடும். வேர்த்து வடிவார்கள், வடியட்டும், சத்தம் நின்றுவிடும் அல்லவா? போய் அதன் மேல் கையை வைத்தேன்.

அந்த நிமிஷத்தில் எனக்குள் இருந்த பயத்தை மறைக்காமல் சொல்கிறேன். போலீஸை விட, பர்மிஷனை விட, எனக்குப் பெரிய பயம் வேறொன்றாக இருந்தது. இந்த மனிதர் என்ன பேசப் போகிறார்? குண்டு வெடித்த வாரம், தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது, ஏடாகூடமாக ஒரு வார்த்தை வந்தால் என்ன ஆகும்? எத்தனையோ வருடமாக இந்தக் குரலை நான்தான் கம்பி வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அவர் என்ன பேசுவார் என்று எனக்கே ஒன்றும் தெரியாது!

இமாம் அந்தக் குண்டு வெடிப்பைப் பற்றித்தான் ஆரம்பித்தார். அவர் உருதுவில் பேசியதை என் தமிழில் சொல்கிறேன். அந்தப் பேச்சின் கம்பீரம் என் தமிழில் வராது.

"உங்களில் சிலர் என்னிடம் வந்து, 'அதைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும், நாமா செய்தோம்?' என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அடுத்த வீட்டில் சாவு விழுந்தால், நானா கொன்றேன் என்று கேட்டுக்கொண்டா வீட்டில் உட்கார்ந்திருப்பாய்? எழுந்து போக மாட்டாயா? அந்தத் தாய்மார்களுக்காக அழ முடியாதவன் இங்கே வந்து குனிந்து நிமிர்ந்து என்ன பயன்?"

ஸ்விட்ச் மேல் இருந்த கை அப்படியே நின்றது.

"அந்தப் பாவிகள் நம் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைச் செய்தார்கள். ஒரு திருடன் என் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு திருடப் போனால், யார் முதலில் கத்த வேண்டும்? சட்டைக்குச் சொந்தக்காரன் நான்தானே கத்த வேண்டும்? நான் கத்துகிறேன். அவன் எங்கள் ஆளில்லை. அவனுக்கு இங்கே தொழ இடமில்லை, செத்தால் தோள் கொடுக்கவும் நான் வர மாட்டேன்."

திரும்பித் தெருவைப் பார்த்தேன். அண்ணாச்சி கையில் கரண்டியோடு கடைக்கு வெளியே வந்து நின்றிருந்தார். உள்ளே டிவியில் சத்தத்தைக் குறைத்திருந்தார்கள். அவருக்கு உருது தண்ணீர் பட்ட பாடு, ஒரு வார்த்தை விடாமல் புரியும்.

கையை ஸ்விட்சிலிருந்து எடுத்துவிட்டேன். இது என் தப்புதான், இதனால் என்ன வந்தாலும் வரட்டும், இது முழுக்கக் கேட்கட்டும் என்று தோன்றியது. செருப்புகளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இமாம் தொடர்ந்தார். கண்டதைப் போனில் பரப்புகிறவர்களைக் கிழி கிழி என்று கிழித்தார். உன் வீட்டுப் பிள்ளை போனில் யார் பேச்சைக் கேட்கிறான் என்று தெரியாமல் தகப்பன் என்று மீசையை முறுக்காதே என்றார். நாம் வாரா வாரம் இங்கே சொல்கிறோம், இந்தச் சுவர்களுக்குத்தான் கேட்கிறது, வெளியே போய்ப் பக்கத்துக் கடைக்காரரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து நீங்களே பேசுங்கள் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு விஷயம்" என்றார்.

"டிபன் கடை வாசலில் ஸ்கூட்டர் நிறுத்தாதே என்று எத்தனை தடவை சொல்வது? அது உன் மாமனார் கொடுத்த இடமா? அவருக்கு அதுதான் சாப்பாட்டு வியாபார நேரம். அவர் வயிற்றில் அடித்துவிட்டு உள்ளே வந்து கையேந்துகிறாய், கிடைக்குமா? அவர் நல்ல மனிதர். கொஞ்சம் சத்தம் போடுவார், அவ்வளவுதான்."

தெருவில் குபீரென்று சிரிப்பு. பால்கனியில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் தலையைத் தொங்கப் போட்டார்கள், ஸ்கூட்டர்காரர்களாக இருக்க வேண்டும். அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிக்கலாமா கோபப்படலாமா என்று தெரியாமல் கரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

தொழுகை முடிந்து கடைசியில் கையேந்தி துஆ, அதாவது பிரார்த்தனை, கேட்டார். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தாங்கும் பலத்தைக் கொடு, காயம்பட்டவர்களைக் குணமாக்கு, இந்த ஊரையும் இந்த நாட்டையும் காப்பாற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்க, உள்ளிருந்து நூற்றுக்கணக்கான குரல்கள் "ஆமீன்" என்றன. அது ஹார்ன் வழியாகத் தெரு முழுக்க இறங்கியது. "அப்ப எனக்கு ஆமீன் சொல்லத் தெரியல, முருகான்னு சொல்லிட்டேன்" என்று அண்ணாச்சி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் உள்ளே பாய்ந்துபோய்ச் சரியான ஒயரைப் பிடுங்கினேன். அதற்குள் எஸ்.ஐ. பைக்கில் வந்து இறங்கிவிட்டார். யாரோ போன் செய்திருக்கிறார்கள். ஃபிளாட்டுப் பெரிய மனிதரும் கீழே இறங்கி வந்திருந்தார். செயலாளருக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"கைக்கு டா? ஏண்டா இப்டி செஞ்சே?" என்றார் என்னைப் பார்த்து. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் குரல் கெஞ்சுவது போல இருந்தது.

"வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள் சார். ஊருக்குக் காட்டுவதற்கு டிராமா" என்றார் ஃபிளாட்டுக்காரர்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரே வழிதான். தெருவே கூடி நிற்கிறது. என் வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான். "சார், டிராமாவும் இல்லை, ஒன்றுமில்லை. மைக் செட் போட்டவன் நான். பிடுங்க வேண்டிய ஒயரை விட்டுவிட்டுச் செத்த ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பள்ளிவாசல்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. கேஸ் போடுவதென்றால் என் மேல் போடுங்கள்" என்று தெலுங்கில் உரக்கச் சொன்னேன். கூட்டத்தில் எங்கோ என் மனைவியும் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரித்தது எனக்குத் தனியாகக் கேட்டது. மெயின் ஸ்விட்சில் கை வைத்துவிட்டு எடுத்ததை மட்டும் எஸ்.ஐ.யிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

எஸ்.ஐ. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இதனால் யாருக்காவது தொந்தரவா? யாருக்குப் புகார்?" என்று கேட்டார்.

எல்லார் கண்ணும் அண்ணாச்சி பக்கம் திரும்பியது. செயலாளர் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தார். சின்ன வயதில் ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நிற்கும்போது அப்படித்தான் பிடித்துக்கொள்வார்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். "எனக்கு ஒரு புகார் இருக்கு" என்றார் தெலுங்கில். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி அந்தப் பெரியவர் உள்ளேயிருந்து அத்தனை தூரம் தொண்டை கிழியக் கத்தினார். எவனாவது எடுத்தானா? இன்னும் என் வாசலில்தான் நிற்கிறது, வந்து பாருங்கள்!"

எஸ்.ஐ. முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார். ஸ்கூட்டர்காரர்கள் விழுந்தடித்து ஓடிப்போய் வண்டியை எடுத்தார்கள். எனக்கு மட்டும் காது சிவக்கிற மாதிரி ஒரு திட்டு கிடைத்தது. இன்னொரு தடவை நடந்தால் உன் கடையைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்வேன் என்றார். தலையாட்டினேன். ஃபிளாட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறிப் போய்விட்டார். அவர் மனது மாறவில்லை, இன்றைக்கும் அவர் அதை டிராமா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் இமாம் தானாகவே அண்ணாச்சி கடைக்கு வந்தார். எனக்கு அடுத்தபடி அன்றைக்கு ரொம்பக் கூச்சப்பட்டவர் அவர்தான். தான் பேசியது தெரு முழுக்கக் கேட்டது என்று தெரிந்ததும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. "நீங்கள் சத்தம் போடுவீர்கள் என்று நான் சொன்னேனே, அதுவும் கேட்டுவிட்டதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுதான் எல்லாவற்றையும் விடத் தெளிவாகக் கேட்டது" என்றார் அண்ணாச்சி. பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி அந்தக் குண்டு வெடிப்பு பற்றித் தன் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார், சில கேள்விகள் சூடாகவே இருந்தன. இமாமும் எதற்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். தங்கள் பையன்கள் வேலை தேடிப் போகும்போது, வாடகைக்கு வீடு தேடும்போது எப்படியெல்லாம் பார்க்கப்படுகிறார்கள் என்று அவரும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அண்ணாச்சி அவர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு காபி ஊற்றினார்.

சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற கூட்டம் சேரவில்லை. "கடையில ஆளில்ல, நான் எங்க வர?" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கடையில் அன்றைக்கு மாஸ்டரும் இருந்தார், சப்ளையரும் இருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு நின்றன. மனுஷன்தானே! அண்ணாச்சி வழக்கம்போலக் கத்தினார். ஆனால் இப்போது பள்ளிவாசல் வாசலிலேயே போய் நின்று, இமாம் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். அவர்களும் சிரித்துக்கொண்டே வந்து வண்டியை எடுக்கிறார்கள். தெருவில் பாய் விரிப்பது அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

பழைய ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்த்து எடுத்துக்கொண்டு மறு வாரம் பள்ளிவாசலுக்குப் போனேன். ஆளில்லாத மத்தியான நேரம். செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒயர் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது, கேட்டுவிட்டேன்.

"இமாம் அன்னிக்கு மட்டும்தான் அப்படிப் பேசினாரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கயாவது இந்த மாதிரி நடந்தா அந்த வாரம் அதுதாண்டா பேச்சு. இவருக்கு முன்னால இருந்த இமாமும் பேசினார். நீ இங்க எத்தன வருசமா வர்றே? ஒரு தடவகூட நீ கேட்டதில்லையா?"

"கேட்டேன். சத்தம் தெளிவா வருதான்னு கேட்டேன்" என்றேன்.

"ஹவ்" என்று தலையாட்டினார். ஆமாம் என்று அர்த்தம். அவ்வளவுதான். அதில் குத்தல் ஒன்றும் இல்லை, என் முதுகில் தட்டிவிட்டு டீ சொல்ல எழுந்து போனார். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். கரகரப்பு வருகிறதா, ஊளையிடுகிறதா என்று உற்று உற்றுக் கேட்ட என் காதுக்கு எதிரே, அடுத்த வீட்டுச் சாவுக்காக ஒரு மனிதர் வருடக்கணக்காக அழுதிருக்கிறார், அவர் போட்ட சத்தத்தின் அளவு மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போதும் எங்கேயாவது ஒரு கொடுமை நடந்து, டிபன் கடையிலோ கல்யாணப் பந்தியிலோ யாராவது, "இவங்க ஏன் வாயே திறக்கறதில்லை?" என்று ஆரம்பித்தால், அன்றைக்குப் போல நான் தலையாட்டுவதில்லை, "நீங்க எங்க போய்க் கேட்டீங்க?" என்று மட்டும் கேட்கிறேன், கேட்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி முதலில் எனக்குத்தான் வந்து சேர்கிறது.